கூரை மேல் இரண்டு வளையல்

யாங்கோன்,
சனிக்கிழமை ராத்திரி

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று மொட்டைத் தலையோடு ஓடியதை என் வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

இங்கே கரண்ட் கதைதான். நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகிறது. வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்துவது மட்டும் நம் காலம் போலவே இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து கிரைண்டரைப் போட வேண்டும், மாவுக் கடைக்காரன் பிழைப்பு அப்படி. போன கோடையில் ஊறப் போட்ட உளுந்து மூன்று தடவை நாறிக் கொட்டினேன்.

அதனால் மாடியில் சோலார் போட்டுவிட்டேன். 550 வாட் பேனல் ஆறு, லித்தியம் பேட்டரி ஒன்று. எல்லாம் சீனச் சரக்கு. உலகத்துப் பேனல்களில் பத்துக்கு எட்டு அங்கேதானே தயாராகிறது! ஒரு குதிரைச் சக்தி மோட்டாருக்கு 1.5 கிலோவாட் இன்வெர்ட்டர் தாராளம் என்றார் விற்றவர். ஸ்விட்சைப் போட்டேன். கல் கால் சுற்றுத் திரும்பியது, இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட நாலைந்து மடங்கு இழுக்குமாம். மகன் போனில் பார்த்துச் சொன்னான். கடைக்காரரோ திருப்பி எடுக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். 5 கிலோவாட் வாங்கிய பிறகுதான் கல் ஒழுங்காகச் சுற்றியது. இப்போது பகல் பதினொன்றுக்கு வெயிலில் அரைக்கிறேன். ஆடி மழையில் என்ன பாடோ!

கமுதியில் 648 மெகாவாட் பேனல்களைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததாக எழுதியிருந்தாய். இங்கே பர்மாவில் மின்பு என்ற ஊரில் 170 மெகாவாட் என்று ஆரம்பித்து, 2019இல் முதல் 40 மெகாவாட்டைத் திறந்தார்கள். 2020இல் 29 இடங்களுக்கு, சுமார் 1000 மெகாவாட்டுக்கு டெண்டர். ஏறக்குறைய எல்லாம் சீனக் கம்பெனிகளுக்கே போனது. மறு பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதோடு பெரும்பாலானவை நின்றுபோயின. சோலாரில் செலவெல்லாம் முதல் நாளே. பிறகு இருபது வருஷம் கரண்டை விற்றுத்தான் எடுக்க வேண்டும். யார் காசு கொடுப்பார் என்று தெரியாத ஊரில் எந்த பேங்க் கடன் தரும்? அதே 2020 டிசம்பரில் குஜராத்தில் யூனிட் 1.99 ரூபாய்க்கு ஏலம் போனது. அங்கே வெயிலும் இருக்கிறது, மலிவான வட்டியும் இருக்கிறது.

பாகிஸ்தானைப் பார். 2024இல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் பேனல் இறக்கியிருக்கிறார்கள். கரண்ட் பில் தாங்காமல் பெரும்பாலும் ஜனங்களே கைக்காசு போட்டு வாங்கியது. என் கதையும் அதுதான். வீட்டுக்காரியின் வளையல் இரண்டும் இப்போது கூரை மேல் காய்கிறது. மழைக்காலத்துக்குள் மீட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

உன் மருமகன் வீட்டில் போட்ட 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கைக்கு வந்ததா? மறக்காமல் எழுது.

பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம். அது ஃபேனுக்கு வேண்டுமாம், உள்ளிருந்து சத்தம் வருகிறது. விளக்கை அணைக்கிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்