ஆண்டறிக்கை: செங்காந்தளும் அதன் பெயர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிறுமலை அடிவாரத்துக் காட்டுப்பூக்களைப் பேணுவதற்காகக் கூடிய நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டின் பெரும்பொழுதையும் உழைப்பையும் எடுத்துக்கொண்ட ஒரு பூவைப் பற்றியே நான் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஆண்டைச் செங்காந்தளுக்கு ஒதுக்குவதெனச் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அது நம் மாநிலப் பூ என்று பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒப்பிப்பார்கள். வேலியில் படர்ந்து நிற்கும்போது ‘இதுதான் அது’ என்று கைகாட்டுபவர்கள் குறைவு. அதனால் கரட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை வைக்க முடிவெடுத்தோம். பலகை செய்ய ஒரு வாரம் ஆனது. அதில் என்ன பெயர் எழுதுவது என்று முடிவுசெய்ய மூன்று கூட்டங்கள் ஆயின.

நம் உறுப்பினர்களிலேயே வயல்காரர்கள் ‘கண்வலிக்கிழங்கு’ என்றுதான் எழுத வேண்டும் என்றார்கள். திண்டுக்கல், திருப்பூர், கரூர் பக்கம் விதைக்காக இதைப் பயிர் செய்பவர்களின் நாவில் வருவது அந்தப் பெயர்தான். தமிழாசிரியர்கள் ‘காந்தள்’ என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்படும் 99 பூக்களில் முதலில் நிற்பது ஒண்செங்காந்தள். குறுந்தொகையின் முதல் பாட்டோ இதைக் குருதிப்பூ என்கிறது. ‘காந்துதல்’ என்றால் எரிதல், ஒளிர்தல் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஈழத்தில் உறவுள்ள ஓர் அன்பர் ‘கார்த்திகைப்பூ’ என்றார். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இப்படி இழுபறியாக இருந்தபோதுதான் புரட்டாசியில் நடைப்பயணம் போனோம். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், “பாட்டி, இது கார்த்திகைப்பூதானே? கார்த்திகை மாசத்துக்கு முன்னமே பூத்துருச்சே?” என்று கேட்டோம். அவர் ஒரு பூவின் காம்பைக் கம்பால் நிமிர்த்திக் காட்டினார். “மாசத்த விடு சாமி. அகல்ல திரி எரியிற மாதிரி நிக்குதா இல்லையா, பாரு” என்றார்.

பார்த்தோம். மொட்டு தலைகவிழ்ந்து தொங்குகிறது. விரிகையில் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, மேல்நோக்கி எழுகின்றன. முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முடிவில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இத்தனை நிறமும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால் ஏற்றிய விளக்கு வரிசை என்றே தோன்றும். இதழ்களின் கீழே ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்து ஆரங்கள்போல் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டுவிடுகிறது. தன் மகரந்தம் தன் மேலேயே படாதிருக்க அந்த ஏற்பாடு. தோட்டங்களில் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பது இதனால்தான். ஏறுவதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது.

இனி ஒரு வருத்தமான செய்தி. சாலையை அகலப்படுத்துவதற்காகப் பழைய கிளுவை வேலி ஒன்றை எடுக்கப்போவதாக அறிந்து, அதிலிருந்த கிழங்குகளை மாற்றி நட இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். சரி என்றார்கள், மறுநாள் விடிவதற்குள் இயந்திரம் வந்துவிட்டது. அள்ளிப் போட்ட மண்ணில் கையால் துழாவி 40 கிழங்குகள் எடுத்தோம். கழுவி வைத்தபோதுதான் ‘கலப்பைக்கிழங்கு’ என்ற பெயர் எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டு கைகளாகக் கவைத்து, ஏரை அப்படியே சிறிதாக்கியதுபோல் இருந்தது. வடமொழியில் ‘லாங்கலி’ என்பதற்கும் கலப்பையே அடிப்படை. உழுத கையொன்று தோண்டிப் பார்த்து வைத்த பெயர் அது.

ஆனால் முளைக்குருத்து அந்தக் கவையின் நுனியில்தான் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. அவசரத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. 40-இல் 11 மட்டுமே முளைத்தன. இதற்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு. விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், விதைக்கிழங்குக்காகக் காட்டில் தோண்டுவது இன்னும் நடக்கிறது. தோண்டுவதைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செடி முழுவதும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்தாகும் அதே பொருள், அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சமைத்து இறந்தவர்கள் உண்டு. கைவைத்தியமாக யாரும் இதைத் தொட வேண்டாம். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று சிறுவயதில் எங்களை மிரட்டுவார்கள். குழந்தைகளைக் கொடியிலிருந்து எட்ட நிறுத்தவே அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பலகையில் செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று நான்கு பெயர்களும் எழுதப்பட்டு, கடைசி வரியாக ‘நஞ்சு, தொடாதீர்’ என்ற எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. எழுதிக் கொடுத்த ஓவியர் கூலி வாங்கவில்லை, அவருக்கு நன்றி.

முளைத்த 11 கொடிகளுக்கும் கோடையில் வேலை இல்லை. தண்டு காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அந்த இடத்தில் யாரும் மண்வெட்டி போட்டுவிடாதிருக்கக் கல் நட்டுவைத்திருக்கிறோம். அடுத்த மழையில் எத்தனை தலை காட்டுகின்றன என்று எண்ண வாரம் ஒருவர் வீதம் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்