எந்தக் குட்டை என்று எழுதி வை

பாப்பா,

வெள்ளைப்புள்ளி வைரஸின் மரபணுத்தொடரைப் படிக்கிற வேலை உனக்குக் கிடைத்திருப்பதை அம்மா சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது. வேதாரண்யம் பக்கத்தில் இறால் வளர்ப்பவன் எவனும் இந்த நோய்க்குப் பயப்படாமல் தூங்கியதில்லை. தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குட்டைக்குள் வைக்கிற தட்டை, செக் ட்ரேயைத் தூக்கினால் போட்ட தீவனம் அப்படியே கிடக்கும். இறால் கரையோரம் ஒதுங்கும். தலை ஓட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பத்து நாளுக்குள் குட்டை காலி. மருந்து கிடையாது.

நீ அனுப்பிய கட்டுரையைத் தம்பி வாசித்துச் சொன்னான். முழுத் தொடரும் 2001-லேயே வந்துவிட்டதாமே! தாய்லாந்து இறாலில் எடுத்தது 2,92,967 மரபணு எழுத்து, சீனாவில் எடுத்தது 3,05,107. மற்றபடி ஏறக்குறைய ஒன்றுதான், தாய்லாந்து வைரஸில் ஒரு பெரிய துண்டு இல்லை, அவ்வளவே.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சில இடங்களில் ஒரே துணுக்கு அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது, எத்தனை தடவை என்பது வைரஸுக்கு வைரஸ் மாறுகிறது என்றாயே, அதுதான். இங்கே நோய் வந்தால் கூடவே சண்டையும் வரும். 'உன் வடிகால் தண்ணியில வந்துச்சு', 'நீ வாங்கின குஞ்சுல வந்துச்சு' என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோகும். இரண்டு குட்டை வைரஸிலும் அந்தத் தடவைக் கணக்கு ஒத்துப்போனால் மட்டும் பழி உறுதியாகிவிடாது என்று எனக்கும் புரிகிறது. வைரஸ் எந்த வழியில் வந்திருக்கும் என்று தேட ஒரு பிடியாவது கிடைக்குமே.

அதற்கு மாதிரியோடு விவரமும் வர வேண்டும். ஊர்ப் பெயரோடு நிறுத்திவிடாதே. எந்தக் குட்டை, குஞ்சு விட்டு எத்தனையாவது நாள், எந்த ஹேச்சரியில் (குஞ்சு பொரிக்கிற இடத்தில்) வாங்கிய குஞ்சு, ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா, உப்பு எவ்வளவு, முந்தின வாரம் மழை பெய்ததா, எல்லாம் கேட்டு வாங்கு. பண்ணைக்காரர் பெயரை மட்டும் வெளியே விடாதே. தெரிந்தால் வியாபாரி விலையை இறக்குவான், அப்புறம் யாரும் உனக்கு ஒரு இறால்கூடத் தரமாட்டார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலரிடம் பேசி வைத்திருக்கிறேன். குட்டைக்கு எத்தனை இறால் வேண்டும், செவுள் மட்டும் போதுமா, அதைப் போட்டு வைக்க ஆல்கஹாலை நீ அனுப்புவாயா, நான் இங்கே வாங்கவா என்று உடனே எழுது. சீட்டைப் பென்சிலில்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

அன்புடன்,
அப்பா