விற்பனைக்கலைத் தாளில் வசூல் எங்கே? வணிகவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் விருதுநகர்க்காரன். 1994இல் பி.காம். முடித்தேன். அதன்பிறகு இருபத்தாறு வருடம் லைன் சேல்ஸ், வாரா வாரம் அதே கடைகளுக்கு வரிசையாகப் போய்ச் சரக்கு விற்கிற வேலை. பிஸ்கட், சோப்பு, ஊதுபத்தி, ஊறுகாய் என்று மளிகைக் கடைக்குப் போகிற சரக்கில் பாதியை நான் விற்றிருப்பேன். இப்போது சொந்தமாகச் சின்ன ஏஜென்சி வைத்திருக்கிறேன். நான்கு பையன்கள் லைனுக்குப் போகிறார்கள். அதில் மூன்று பேர் பி.காம். படித்தவர்கள். அதாவது, நீங்கள் வகுத்த பாடத்தின் விளைச்சல் என் ஏஜென்சி வாசலில்தான் வண்டியை நிறுத்துகிறது.

போன மாதம் அண்ணன் மகள் விற்பனைக்கலைத் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நோட்டை வாங்கிப் புரட்டினேன். நான் அன்றைக்கு எழுதிய அதே ஏழு படிகள், வரிசைகூட மாறவில்லை. வாடிக்கையாளரைத் தேடல், முன்தயாரிப்பு, அணுகல், விளக்கிக் காட்டல், மறுப்புகளைக் கையாளல், விற்பனையை முடித்தல், பின்தொடர்தல். முதல் ஆறுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். ஏழாவதற்கு இரண்டே வரி. ஏன் என்று கேட்டேன். "அது முக்கியமில்ல சித்தப்பா, வந்தா ரெண்டு மார்க்குலதான் வரும்" என்றாள்.

அந்த இரண்டு மார்க்கை வைத்துத்தான் நான் இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தினேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

இந்தப் படிகளின் பூர்வீகம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜான் பேட்டர்சன் என்பவர் 1884இல் கல்லா இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றை வாங்கினார். அதுதான் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர். 1887இல், நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு சேல்ஸ்மேன் என்னென்ன பேசுகிறார் என்பதை எழுத்தில் வாங்கி, மற்ற எல்லா சேல்ஸ்மேன்களும் அதை மனப்பாடம் செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டார். 1890களில் அதற்கென்று பள்ளியே நடத்தினார். கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்று உங்கள் தாளில் தவறாமல் வரும் சூத்திரத்தையும் அதே காலத்து விளம்பரக்காரர் எல்மோ லூயிஸ் பெயரில்தான், 1898 என்ற வருடத்தோடு, சொல்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் விற்றது ஒரு கடைக்கு ஒரு இயந்திரம். ஒருமுறை விற்றால் பல வருடத்துக்கு அந்தக் கடைப்பக்கம் போக வேலையில்லை. அங்கே 'முடித்தல்' என்ற படிக்கு அர்த்தம் உண்டு. நான் விற்றது பிஸ்கட். இன்றைக்கு விற்ற கடைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையும் போகவேண்டும், அதற்கடுத்த செவ்வாயும் போகவேண்டும். வருடத்துக்கு 52 தடவை அதே அண்ணாச்சி, அதே கல்லா, அதே முகம். எங்களுக்கு விற்பனை முடிவதே இல்லை. பில் போட்ட பிறகுதான் அது ஆரம்பிக்கிறது.

ஆரம்பிப்பது வசூலில். உங்கள் தாளில் ஒருமுறைகூட நான் பார்க்காத சொல் அது.

எங்கள் பக்கம் 'பில்லுக்கு பில்' என்று ஒரு முறை உண்டு. இந்த வாரச் சரக்குக்கு அடுத்த வாரம் புதுச் சரக்கு இறக்கும்போது பணம். கேட்க எளிது. நடைமுறையில் அண்ணாச்சி, "பாதி வச்சுக்க, மீதிய சனிக்கிழமை பாப்போம்" என்பார். அந்த மீதி மூன்று வாரம் சேர்ந்தால் என்ன ஆகும்? என் ஏஜென்சிக்கு நிற்கும் லாபம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்று வையுங்கள். ஒரு கடையில் 5,000 ரூபாய் மூழ்கினால் அதை மீட்க நான் 1,00,000 ரூபாய்க்குச் சரக்கு விற்கவேண்டும். அதுவும் வண்டி டீசல், பையன் சம்பளம் எதையும் கழிக்காமல். இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும், 'விற்பது என்றால் ஆர்டர் எடுப்பது' என்ற நினைப்பு மாணவர்கள் மனசிலிருந்து போய்விடும்.

வசூலுக்கு நேரம் காலமும் உண்டு. போணி ஆகாத கடையில் பாக்கி கேட்கக்கூடாது. வெள்ளிக்கிழமை கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது என்று இருப்பவர்கள் உண்டு. விளக்கு வைத்தபிறகு பணம் தராதவர்கள் உண்டு. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பறையில் வாதிடலாம். லைனில் வாதிட்டால் பாக்கி நிற்கும், அவ்வளவுதான்.

வேலை கேட்டு வருகிற பையன்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், இதில் கடைக்காரருக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி? பெரும்பாலும் 8.33 என்று பதில் வரும், ஒன்றைப் பன்னிரண்டால் வகுத்து. சரியான விடை 7.69. சரக்கு பதின்மூன்று, காசு பன்னிரண்டுக்கு. ஆகவே பதின்மூன்றால்தான் வகுக்கவேண்டும். அருப்புக்கோட்டையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு அண்ணாச்சி, நான் ஸ்கீம் சொல்லி வாய் மூடுவதற்குள், "ஏழே முக்காலுக்கும் கொஞ்சம் கம்மியா வருது, எட்டாக் குடு, எடுத்துக்கிறேன்" என்பார். அவர் முன்னால் எந்தச் சூத்திரத்தைச் சொல்லிக் கவனத்தை ஈர்ப்பது?

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசி, வருட டார்கெட்டுக்குக் கொஞ்சம் இடிக்கிறது. நான்கு வருடமாகப் போய்வந்த ஒரு கிராமத்துக் கடையில், நன்றாகப் பேசி, வழக்கமாக இரண்டு பெட்டி எடுப்பவரை பன்னிரண்டு பெட்டி எடுக்க வைத்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த படிகள் அத்தனையும் அன்றைக்கு ஒழுங்காக விழுந்தன. இன்சென்டிவும் வந்தது. ஜூன் மாதம் அந்தக் கடையில் எட்டுப் பெட்டி அப்படியே இருந்தது, தேதி முடியப் போகிறது. திரும்ப எடுத்துக்கொள்ளக் கம்பெனி மறுத்துவிட்டது. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "இந்த வாரம் ஆர்டர் இல்ல தம்பி" என்றார், அவ்வளவுதான். அந்த 'இந்த வாரம்' பதினான்கு மாதம் நீடித்தது. போட்டிக் கம்பெனிப் பையன் அந்த ரேக்கில் உட்கார்ந்துவிட்டான். எழுத்துத் தேர்வில் நான் நூற்றுக்கு நூறு வாங்கக்கூடிய விற்பனை அது.

'மறுப்புகளைக் கையாளல்' என்ற பாடம்தான் எனக்கு அதிக உறுத்தல். ஆறு உத்திகள் எழுதுக, எட்டு உத்திகள் எழுதுக என்று கேட்கிறீர்கள். எதிராளி சொல்லும் 'வேண்டாம்' என்பதை ஒரு தடைக்கல்லாக நினைத்து அதைத் தாண்டுவதற்கான உத்திகள். எங்கள் ஊரில் ஒரு கடைக்காரர் "அப்புறம் பாக்கலாம்" என்றால் அதற்குள் ஏகப்பட்ட சேதி இருக்கும். கையில் காசு இல்லை. பழைய சரக்கே தேங்கிக் கிடக்கிறது. போன தடவை டேமேஜ் பீஸுக்குக் கழிவு போடாமல் போனாய், மறக்கவில்லை. மாமனார் கடையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் பேச முடியாது. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் தொழில். கேட்கத் தெரியாதவனுக்கு உத்தி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

கடந்த வருடம் அம்மா ஒரு வங்கிக்கு டெபாசிட் போடப் போனார். 2,00,000 ரூபாய், அப்பாவின் கடைசிச் சேமிப்பு. திரும்பி வந்தபோது கையில் இருந்தது டெபாசிட் ரசீது இல்லை, வருடா வருடம் பிரீமியம் கட்டவேண்டிய ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கான தாள். "இதுவும் டெபாசிட் மாதிரிதான் பாட்டி" என்று சொல்லியிருக்கிறான் வங்கியில் இருந்த பையன். எழுபத்திரண்டு வயது அம்மா நான்கு தடவை தயங்கியிருக்கிறார். நான்கு தடவையும் பதில் வைத்திருந்திருக்கிறான். மறுநாள் போனேன். சின்னப் பையன், பதைத்துப் போனான். பி.காம்.தான் படித்திருக்கிறான். "டார்கெட் சார்" என்றான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை, பன்னிரண்டு பெட்டி இறக்கியவன் நான்?

பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தங்கள் போகப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. அது எனக்குத் தெரிந்திருந்ததால் பணம் வந்தது. அந்தப் பையனும் அதைப் படித்திருப்பான், வேலைக்கான பரீட்சைக்கு. கல்லூரியில் 'விற்பது' என்ற பாடத்தோடு சேர்த்து அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இது அவன் ஒருவன் கதை இல்லை. உங்கள் பாடத்திட்டத்தில் 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம் ஒரு தாளில் இருக்கிறது. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு தாளில். விற்பனைக்கலை மூன்றாவது தாளில். மூன்றும் ஒரே பைக்குள் கிடந்தாலும் ஒன்றோடொன்று பேசியதில்லை. அண்ணன் மகளின் ரெக்கார்டு நோட்டில் மாதிரி பில் ஒன்று வரைந்திருந்தாள். அடியில் அழகான எழுத்தில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' ஆசிரியர் டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அந்த 2019 சட்டமே சொல்கிறது. அவளிடம் காட்டினேன். "ஆனா எல்லா கடையிலயும் இப்படித்தான சித்தப்பா போட்டிருக்கு" என்றாள். அதுவும் உண்மைதான்.

இன்னொன்று, சுருக்கமாக. அவள் வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள் தீபாவளி சீசனுக்கு ஜவுளிக்கடையில் நிற்கப் போகிறார்கள். நிற்க என்றால் நிற்கத்தான், பத்து மணி நேரம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 'விற்பனையாளரின் குணங்கள்' என்று பதினைந்து எழுதத் தெரிந்த அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. புன்னகை, பொறுமை, உடல்நலம் என்று அந்தப் பட்டியலில் இருக்கிறது. உடல்நலம்!

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். 2022இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் வந்ததிலிருந்து திறன், திறன் என்று எல்லாக் கல்லூரியிலும் பேச்சு. நல்லதுதான். ஆனால் அதற்கும் ஒரு வீடியோவைப் பார்த்து நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோல் வைத்துவிட்டால் பேட்டர்சனின் மனப்பாடப் பள்ளியைத்தான் திரும்ப நடத்துவோம். என் யோசனை சின்னது. உள்மதிப்பீட்டு 25 மதிப்பெண்ணை லைனுக்குக் கொடுங்கள். ஒரு மாணவருக்கு ஐந்து கடை. ஒரு பருவத்தில் பன்னிரண்டு வாரம், வாரம் ஒருநாள், அதே ஐந்து கடை. முதல் மூன்று வாரம் எதையும் விற்கக்கூடாது. என்ன சரக்கு ஓடுகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது, யார் வாங்குகிறார்கள், கடைக்காரர் எதற்கு எரிச்சல் படுகிறார் என்று நோட்டில் எழுதவேண்டும். தமிழில் எழுத விடுங்கள். அண்ணாச்சி ஆங்கிலத்தில் எரிச்சல் படுவதில்லை. நான்காவது வாரத்திலிருந்து ஏதாவது ஒரு ஏஜென்சியோடு சேர்ந்து ஆர்டர் எடுக்கட்டும், பில் போடட்டும், பாக்கி வசூலிக்கட்டும், கெட்டுப்போன சரக்கைத் திரும்ப எடுத்து வரட்டும்.

மதிப்பெண் எவ்வளவு விற்றார் என்பதற்கு வேண்டாம். விற்பனைக்கு மார்க் போட்டால் அம்மாவிடம் வந்த பையனைப் போல இன்னும் நாற்பது பேரை அனுப்புவீர்கள். பன்னிரண்டாவது வாரம் ஆசிரியர் அந்த ஐந்து கடைக்கும் போய், "இந்தப் பிள்ளை அடுத்த வாரமும் வரலாமா?" என்று ஒரே கேள்வி கேட்கட்டும். பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று நோட்டைப் பார்க்கட்டும். கேள்வித்தாளில் ஏழாவது படிக்குப் பத்து மதிப்பெண் வினா ஒன்று இருந்தால் நோட்டில் அதற்கும் பக்கங்கள் முளைக்கும், பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பேராசிரியர்களுக்கு வேலைப்பளு கூடும் என்பதும் தெரியும். கௌரவ விரிவுரையாளர்களின் தலையில்தான் இதுவும் விழும் என்றால் வேண்டாம், அதற்கான நேரத்தை அட்டவணையில் ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள்.

விருதுநகர் பஜாரிலும் பக்கத்துத் தெருக்களிலும் பதினெட்டு கடைக்காரர்களிடம் பேசி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்தால் சரி என்கிறார்கள். இரண்டு பேர் டீயும் தருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் வைத்த நிபந்தனை இரண்டுதான்: காலை பத்தரைக்கு முன்னால் வரக்கூடாது, அது வியாபார நேரம். வெள்ளிக்கிழமை வந்தால் பாக்கி கேட்கக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு பழைய லைன் சேல்ஸ்மேன்,
விருதுநகர்