படம் வரையப் போகும் மகளுக்கு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

தேசப்படம் ஆக்குவதையே தொழிலாக எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னதில் அப்பாவுக்கு நல்ல சந்தோஷம். ஆனால் கூடவே, "நான் கலைப்பிரிவு, ஏ.எல்லில் கணிதம் படிக்கவில்லை, என்னை எடுப்பார்களா?" என்றும் கேட்டிருந்தாய். போனில் இதெல்லாம் ஆறுதலாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காணி அளந்து எல்லை போடுவது ஒரு வேலை, படம் ஆக்குவது வேறு வேலை. எல்லை போட 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கான பட்டம் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கணிதப் பிரிவில் வந்த பிள்ளைகளுக்கு. அது உன் வழி இல்லை, விட்டுவிடு. படம் ஆக்கும் வேலைக்கு நீ பேராதனையில் படிக்கிற புவியியலே நல்ல அத்திவாரம். கணினியில் படம் ஆக்குகிற புவியியல் தகவல் முறைமையையும், செய்மதிப் படங்களை ஆராய்கிற தொலையுணர்வையும் கட்டாயம் எடு. படம் ஆக்குகிற கியூஜிஐஎஸ் மென்பொருளுக்குக் காசு இல்லை, இன்றைக்கே இறக்கிப் பழகலாம். புள்ளிவிபரவியலுக்குப் பயந்து ஒதுங்காதே. பைதான் என்கிற கணினி மொழி கொஞ்சம் தெரிந்தாலும் பிறகு பெரிய உதவி.

வேலை என்று பார்த்தால் நில அளவைத் திணைக்களம் முதலில் வரும். 1800இல் தொடங்கியது, தியத்தலாவையில் அவர்களுக்கென்று பயிற்சி நிறுவனமே உண்டு. வேலை விளம்பரம் வருகிற அரச வர்த்தமானியை விடாமல் பார், தகுதி நிபந்தனைகளை ஒவ்வொரு வரியாக வாசி. மலைநாட்டு மண்சரிவு அபாயப் படங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்குகிறது. நீ இருக்கிற பக்கத்து விஷயம் என்பதால் அதையும் மனதில் வை. மேற்படிப்பு என்றால் மியூனிக், வியன்னா, டிரெஸ்டன், ட்வென்டே பல்கலைக்கழகங்கள் நான்கும் சேர்ந்து படவரைகலையில் ஒரு முதுமாணிப் பட்டம் நடத்துகின்றன. கடற்படம் வேறொரு உலகம். கொட்டியாரக் குடாவிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிற ஊரில் பிறந்தவள் நீ, அதனால் கடல் அளவை பற்றியும் விசாரித்துப் பார்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எந்த வழியால் போனாலும் நிலத்தில் இறங்கிப் பார்க்காமல் படத்தை முடிக்காதே.

நான் வகுப்பில் படிப்பித்த 1:50,000 இடவிளக்கப்படத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் தரையில் 500 மீற்றர். நம்முடைய பக்கத்துச் சின்னக் களப்பு ஒன்று கடலோடு சேருகிற வாய் 20 மீற்றர் அகலம் என்று வை. படத்தில் அது 0.4 மில்லிமீற்றர், பென்சில் கோட்டின் தடிப்புத்தான். அதை விடுவதா, பெரிதாக்கிக் காட்டுவதா? போதாக்குறைக்கு வாடை மழைக்கு வெட்டுப்படுகிற வாய், வெயில் காலத்தில் மணல் மூடிக் கிடக்கும். செய்மதிப் படத்தை ஓகஸ்டில் எடுத்திருந்தால் அங்கே வாயே இருக்காது. வள்ளம் கொண்டுபோகிறவனுக்கும் வெள்ளம் வடியப் பார்த்திருக்கிறவனுக்கும் அந்த வாய்தான் முக்கியம். இதைக் கணினி உனக்குச் சொல்லித் தராது, அந்தக் கரையில் இருக்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

உன் அப்பப்பா திருக்கடலூரிலிருந்து கடற்றொழிலுக்குப் போனவர், உனக்குத் தெரியும். கோணமலையின் நுனிக்கு நேர் பின்னால் உள்நாட்டு மலையின் எந்த முடி தெரிகிறது என்று பார்ப்பார். பிறகு வடக்கே திரும்பி இன்னும் இரண்டு அடையாளங்களை ஒரே நேருக்குக் கொண்டுவருவார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கடலுக்கு அடியில் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கும், அங்கேதான் தூண்டில் இறங்கும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்துவிட்டேன், அந்தப் பெயர்களில் பாதி எனக்கே தெரியாது. தெரிந்த கிழவர்கள் இன்னும் நம்முடைய கரையில் இருக்கிறார்கள்.

ஆகவே உன் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறாய் என்றால் இதை யோசி. லீவுக்கு வா, உப்புவெளி, திருக்கடலூர், கிண்ணியா, மூதூர் என்று கரையோரமாகப் போவோம். கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வந்துவிட்டதால் முந்தி மாதிரி பாதைப் படகுக்குக் காத்துக்கிடக்கத் தேவையில்லை. பெயரையும் இடத்தையும் போனிலேயே பதியலாம். யார் சொன்னது, எந்தப் பருவத்தில் பார்த்தது என்பதையும் கூடவே எழுதிவை. பாரின் இருப்பிடத்தைப் படத்தில் போடலாமா என்று கடற்றொழிலாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், அது அவர்களுடைய சோறு.

உன் விரிவுரையாளரிடம் பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது. வள்ளத்துக்கு நான் ஆள் பார்த்து வைக்கிறேன். அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறா, கண்டிக்கு வருகிற ஆரிடமாவது கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா