அழிக்கும் முன் பார், மக்களே

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அழாத குறையாகப் பேசியதிலிருந்து எனக்கும் தூக்கம் வரவில்லை. லேப்டாப்பில் இடமில்லை, அதை இயக்கும் லினக்ஸ் வகையான உபுண்டு உள்ளே விடவே மாட்டேன் என்கிறது, ஆராய்ச்சி ஃபைல்களை அழிக்கட்டுமா என்று கேட்டாய். ஒன்றையும் அழிக்காதே, மக்களே. போனில் சொன்னால் மறந்துபோவாய், அதனால் எழுதுகிறேன்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்து. கறுப்புத் திரை வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போ. டிஎஃப் மைனஸ் ஹெச் (df -h) அடித்தால் டிஸ்கின் எந்தப் பகுதி, அதாவது பார்டிஷன், நிறைந்திருக்கிறது என்று தெரியும். சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதி (/) 100 சதவீதம் என்று காட்டினாலும் பயப்படாதே. புரோகிராம் போட இறக்கி வைத்த பேக்கேஜ்களும், சிஸ்டம் தானே எழுதிவைக்கும் பழைய பதிவுகளான லாக்குகளுமே நிறைய இடத்தைப் பிடித்திருக்கும். 'சுடோ ஆப்ட் கிளீன்' (sudo apt clean) முதலாவதைத் துடைக்கும். லாக்குகளை ஜர்னல்சிடிஎல்லின் வேக்யூம் சைஸ் (sudo journalctl --vacuum-size=200M) மூலம் 200 எம்பிக்குக் குறைத்துவிடு. அம்மா பானையின் அடியில் நாழி அரிசி மிச்சம் வைப்பாளே, அதுபோல டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கும். உனக்கு இடமில்லாதபோதும் பெரும்பாலும் அந்த நிர்வாகி அதிகாரத்தில் ஓடும் சுடோ வேலை செய்வது அதனால்தான். கொஞ்சம் இடம் கிடைத்ததும் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் என்சிடியு (ncdu) போட்டுக்கொள். பெரிய ஃபோல்டர் மேலே வந்து நிற்கும்.

இன்னொன்றை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்த ராத்திரி, மார்த்தாண்டம் கடையில் ஒரு கல்யாண வீட்டுப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். காப்பி முடிந்துவிட்டதாகத் திரை காட்டியது. உடனே கேமரா கார்டை அழித்தேன். அந்த நிமிஷமே கரண்ட் போனது. ரப்பர் மரங்கள் விழுந்து வழியெல்லாம் அடைந்து கிடந்தது. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. டிஸ்கைத் திறந்தால் கடைசி நாற்பது படங்களுக்குப் பெயர் இருக்கிறது, அளவு 0. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் மெமரியில் வைத்துக்கொண்டு, சற்றுத் தாமதித்தே டிஸ்கில் எழுதும். அந்த இடைவெளியில்தான் எல்லாம் போயிற்று. கல்யாண வீட்டுக்காரர் திட்டவில்லை. தாலி கட்டும் படம் உண்டா என்று மட்டும் கேட்டார். அது இல்லை.

அதனால் டிஸ்கைப் பிடுங்கும் முன் அன்மவுண்ட் செய், அதாவது மெமரியில் இருப்பதை எழுதி முடித்து டிஸ்கை விடுவிக்கச் சொல். நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் மைனஸ் ஏ (rsync -a) போட்டு நகல் எடு. அப்புறம் டிஸ்கை மறுபடி மாட்டி, அதே ஆர்சிங்கை மைனஸ் ஏஎன்சிவி (-ancv) என்று இன்னொரு தடவை ஓட்டு. எதையும் எழுதாமல் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு வித்தியாசம் சொல்லும். அதற்குப் பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும்.

டிஸ்கின் மேல் நேராக எழுதிவிடும் டிடி (dd) கட்டளையை மட்டும் என்னிடம் கேட்காமல் அடிக்காதே. எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்பவை டிஸ்குகளின் பெயர்கள்; எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று அடித்தால் உன் டிஸ்கே போய்விடும். அடுத்த தடவை ஆன் செய்யும்போது இந்தப் பெயர்கள் மாறவும் செய்யும். டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) அடித்து அளவைப் பார்த்துத்தான் எதையும் தொட வேண்டும்.

கிளீன் செய்ததும் டிஎஃப் காட்டுவதைப் போட்டோ எடுத்து அனுப்பு. நாளை அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் பார்சல் அனுப்புகிறாள். அதில் ஒரு ஹார்ட் டிஸ்கும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா