உயரம் எழுதுமுன் எது வரை என்று எழுதுங்கள்: பொது அறிவு நூல் தொகுப்பாளர்களுக்கும் நாளிதழ் உதவி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கோலாலம்பூரின் மிக உயரமான கட்டடம் எது? பழைய வழிகாட்டியைப் பார்த்தவர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் என்பார். செய்தி படிப்பவர் மெர்டேக்கா 118 என்பார். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் சத்தியம் செய்து கேஎல் டவர் என்பார். சரியான விடை மெர்டேக்கா 118 தான். ஆனால் அதன் பக்கத்தில் 678.9 மீட்டர் என்று மட்டும் அச்சிட்டால் பாதி விடைதான் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். உயரமான கட்டடங்களுக்குப் பட்டம் வழங்கும் பன்னாட்டு மன்றத்தின் விதிப்படி, ஆட்கள் திறந்தவெளியிலிருந்து நடந்து நுழையும் முக்கிய வாசல்களில் மிகத் தாழ்ந்த வாசலின் மட்டமே தொடக்கம். நிலத்தடி ரயில் நிலையத்திலிருந்து நேரே வரும் வழி கணக்கில் வராது. சரிவான மனையில் எந்த வாசலை எடுப்பது என்பதிலேயே சில மீட்டர் ஏறி இறங்கும். முடிவுக்கு மூன்று கணக்குகள் உண்டு: கட்டட வடிவமைப்பின் உச்சி வரை, ஆள் புழங்கும் கடைசித் தளம் வரை, எதுவானாலும் உச்சாணி முனை வரை. பட்டம் முதல் கணக்குக்குத்தான். அதில் ஊசிமுனை சேரும். ஆண்டெனா, கொடிக்கம்பம், விளம்பரப் பலகை சேராது.

நமக்குப் புரியும்படி சொன்னால், கலசம் கோபுரத்தோடு சேர்ந்தது. திருவிழாவுக்காக அதன் பக்கத்தில் கட்டிய குழல் ஒலிபெருக்கி சேராது, அது கலசத்தை விட ஒரு முழம் உயர்ந்திருந்தாலும்.

இந்த வேறுபாடு வெடித்ததே பெட்ரோனாஸை வைத்துத்தான். 1996இல் அதன் ஊசிமுனைகள் ஏறியதும் உயரம் 451.9 மீட்டர் ஆனது. சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்துக்குக் கூரை வரை 442 மீட்டர். பத்து மீட்டரில் பட்டம் கைமாறியது. சிகாகோ சும்மா இருக்குமா? சியர்ஸில் 110 தளங்கள், பெட்ரோனாஸில் 88. சியர்ஸின் கடைசித் தளம் ஏறத்தாழ 413 மீட்டரில், பெட்ரோனாஸினுடையது 375 மீட்டரில். சியர்ஸின் ஆண்டெனாக்களோ பெட்ரோனாஸின் முனையையும் தாண்டியவை. சச்சரவு முற்றியதும் மன்றம், மேலே சொன்ன மூன்றோடு கூரை வரை என்பதையும் சேர்த்து, உயரத்தை நான்கு வகையாகப் பிரித்தது. கூரை, ஆள் புழங்கும் தளம் ஆகிய இரண்டும் சியர்ஸிடமே நின்றன. 2009இல் கூரைக் கணக்கைக் கைவிட்டார்கள். இன்றைய கோபுரங்களில் கூரை எங்கே முடிகிறது, அலங்காரம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியாததே காரணம்.

இப்போது மெர்டேக்கா 118க்கு வாருங்கள். அதன் கடைசிப் புழங்கு தளம் ஏறத்தாழ 503 மீட்டரில். அதற்கு மேல் சுமார் 176 மீட்டருக்கு, அதாவது மொத்த உயரத்தில் கால்பங்குக்கும் மேல், குடியிருக்கவோ அலுவலகம் நடத்தவோ இடமில்லை. ஷாங்காய் கோபுரம் 632 மீட்டர்தான். ஆனால் அங்கே ஆட்கள் ஏறத்தாழ 583 மீட்டர் வரை போகிறார்கள். ‘உலகின் இரண்டாவது உயரமான கட்டடம்’ என்ற கேள்விக்கு மெர்டேக்கா சரி. ‘மனிதர்கள் மிக உயரத்தில் புழங்கும் கட்டடங்களில் இரண்டாவது’ என்றால் தவறு. துபாயின் புர்ஜ் கலீஃபாவும் இதற்கு விலக்கல்ல: 828 மீட்டரில் கடைசித் தளம் 585இல் நின்றுவிடுகிறது. அந்த வகையில் ஷாங்காய்க்கும் துபாய்க்கும் இடைவெளி இரண்டே மீட்டர். இதைக் கேள்வியாகக் கேட்டால் தேர்வர்கள் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்வார்கள் என்பது எங்கள் எண்ணம்.

கேஎல் டவர் சங்கதி வேறு. 421 மீட்டர் உயரமுள்ள அது தொலைத்தொடர்புக் கோபுரம். உயரத்தில் பாதியாவது புழங்கும் தளங்களாக இருந்தால்தான் கட்டடம் என்ற பட்டியலில் இடம். புக்கிட் நானாஸ் குன்றின்மேல் நிற்பதால் பெட்ரோனாஸை விட உயரம்போலத் தெரிகிறது.

படத்தை நம்பி எழுதுவதும் ஆபத்து. கேஎல்சிசி பூங்காவில் பெட்ரோனாஸிலிருந்து 450 மீட்டர் தள்ளி நின்றால் அதன் முனையைப் பார்க்க 45 பாகை அண்ணாந்தாக வேண்டும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மெர்டேக்காவுக்கு 20 பாகைகூட வேண்டாம். ‘நகரின் உச்சியில் பெட்ரோனாஸ்’ என்ற படக்குறிப்பு இப்படித்தான் பிறக்கிறது.

தளங்களை மூன்றால் பெருக்கி உயரம் சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். 88ஐ மூன்றால் பெருக்கினால் 264 வரும். பெட்ரோனாஸின் கடைசித் தளமே 375 மீட்டரில் இருக்கிறது. மூன்று மீட்டர் என்பது குடியிருப்புக் கணக்கு. அலுவலகத் தளத்தில் பொய்க்கூரைக்கு மேல் குளிர்காற்றுக் குழாய்களும் கம்பிவடங்களும் ஓட வேண்டும். இயந்திரத் தளங்கள் இன்னும் உயரமானவை. லிஃப்ட் பொத்தான்களை எண்ணுவதும் உதவாது. மலேசியாவில் பல கட்டடங்களில் 4க்குப் பதில் 3ஏ இருக்கும், இயந்திரத் தளத்துக்குப் பொத்தானே இருக்காது.

ஆண்டிலும் தடுமாற்றம் உண்டு. மெர்டேக்காவின் ஊசிமுனை 2021 நவம்பரில் ஏறியது. நிறைவு 2023, திறப்பு விழா 2024 ஜனவரி. உச்சி எட்டுவது வேறு, நிறைவு வேறு. வெளிச்சுவர் முழுக்க மூடி, ஒரு பகுதியாவது புழக்கத்துக்கு வந்தால்தான் நிறைவு.

கோலாலம்பூரின் இன்னொரு உயரக் கட்டடமான எக்ஸ்சேஞ்ச் 106க்கு 445.5 மீட்டர் என்றும் 453.6 மீட்டர் என்றும் இரண்டு எண்கள் உலவுகின்றன. முதலாவதை எடுத்தால் பெட்ரோனாஸை விட 6.4 மீட்டர் குட்டை, இரண்டாவதை எடுத்தால் 1.7 மீட்டர் நெட்டை. ஒரே நூலில் ஒரு பக்கத்தில் ஒன்றும் அடுத்த பக்கத்தில் மற்றொன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியை மீட்டராக்கும்போது 3.28ஆல் வகுக்க வேண்டும். மெர்டேக்காவுக்குச் சொல்லப்படும் 2,227 என்ற எண் அடி, மீட்டர் அல்ல.

அச்சிட வேண்டியது இவ்வளவுதான்: ‘மெர்டேக்கா 118, கோலாலம்பூர். ஊசிமுனை வரை 678.9 மீ., புழங்கும் கடைசித் தளம் வரை ஏறத்தாழ 503 மீ., 118 தளங்கள், நிறைவு 2023.’ பக்கத்தில் இடம் போதாவிட்டால் தள எண்ணிக்கையை வெட்டுங்கள், ஆண்டைக்கூட வெட்டுங்கள். ‘ஊசிமுனை வரை’ என்ற இரண்டு சொற்களை மட்டும் விட்டுவையுங்கள்.