கோல்ட்ஃபீல்டில் 1907 வேலைநிறுத்தத்துக்கு ஒரு சாலையோரப் பலகை கோரி மனு

அனுப்புநர்
தென் நெவாடாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்
மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலர்,
நெவாடா மாநில அரசு,
கார்சன் சிட்டி.

பொருள்: எஸ்மரால்டா கவுண்டி, கோல்ட்ஃபீல்ட் – யு.எஸ். 95 நெடுஞ்சாலை ஓரம் 1907–08 சுரங்கத் தொழிலாளர் போராட்டம் குறித்து வரலாற்றுப் பலகை நிறுவக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இம்மனுவின் ஆங்கிலப் படி இத்துடன் உள்ளது. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதியிருக்கிறோம்.

லாஸ் வேகஸிலிருந்து யு.எஸ். 95-இல் வடக்கே ஏறக்குறைய 180 மைல் போனால் கோல்ட்ஃபீல்ட் வரும். இன்று சில நூறு பேர் வாழும் ஊர். 1907 வாக்கில் அங்கே 20,000 பேர் வரை இருந்ததாகச் சொல்வார்கள். நெவாடாவிலேயே பெரிய ஊர் அதுதான். லாஸ் வேகஸ் அப்போது பிறந்து இரண்டு வருடம் ஆன ரயில்வே ஊர். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குள் கோல்ட்ஃபீல்ட் 5,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. 1908-இல் திறந்த நான்கு மாடி ஹோட்டலும், இன்றும் இயங்கும் கவுண்டி நீதிமன்றமும் சாலையிலிருந்தே தெரிகின்றன. அவ்வளவு பெரிய ஹோட்டல் இந்தப் பாலைவனத்தில் எதற்கு என்ற கேள்வி, வண்டியில் போகிற யாருக்கும் வரும்.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்கள் சுவாரசியமானவைதான். 1902-இல் ஹாரி ஸ்டிம்லரும் வில்லியம் மார்ஷும் தங்கம் கண்டது. 1906-இல் ஜோ கான்ஸும் பேட்லிங் நெல்சனும் 42 சுற்று மோதிய குத்துச்சண்டை. 1923-இல் ஊரின் பெரும்பகுதியை எரித்த தீ; மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராய அடுப்பு வெடித்ததுதான் காரணம் என்று இன்றும் பேச்சு உண்டு. இவற்றில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் தரைக்கடியில் இறங்கித் தாது வெட்டியவர்கள் இந்தக் கதைகளில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகவே வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பலகை வேண்டும்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறோம். 1906-இல் ஜார்ஜ் விங்ஃபீல்டும் ஜார்ஜ் நிக்சனும் சேர்ந்து கோல்ட்ஃபீல்ட் கன்சாலிடேட்டட் நிறுவனத்தை உருவாக்கி, முக்கியமான சுரங்கங்களை ஒரே கையில் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்கள் உயர்தரத் தாதுவைச் சட்டைக்குள்ளும் சாப்பாட்டு டப்பாவிலும் வைத்துக் கடத்துவதாகக் கூறி, உடை மாற்றும் அறைகளை வைத்துச் சோதனை போட்டது நிர்வாகம். கடத்தல் நடந்தது உண்மை, அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல. பலகையில் அதையும் மழுப்பாமல் எழுதலாம். அப்புறம் 1907 இறுதியில் நாடெங்கும் வங்கி நெருக்கடி வந்தது. கூலியை ரொக்கமாகத் தராமல் வங்கிச் சீட்டாகத் தந்தார்கள். உடனே காசாகும் என்ற உறுதி அதற்கு இல்லை. மேற்கத்தியச் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

ஆளுநர் ஜான் ஸ்பார்க்ஸ் கேட்டதன்பேரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1907 டிசம்பரில் ராணுவத்தை அனுப்பினார். ராணுவம் வந்து இறங்கியதும் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து, சங்கத்தில் சேரமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கே வேலை என்றார்கள். ரூஸ்வெல்ட்டே அனுப்பிய விசாரணைக் குழு, ராணுவத்தை அழைக்கும் அளவுக்கு அங்கே எந்தக் கலவரமும் இல்லை என்று அறிக்கை தந்தது. ஆனாலும் மாநிலம் அவசரமாகத் தனக்கென ஒரு போலீஸ் படையை உருவாக்கும்வரை, 1908 மார்ச் வரை, படை அங்கேயே இருந்தது. நெவாடா மாநிலப் போலீஸ் பிறந்ததே இந்த ஊரின் தகராறில்தான். அதற்காகவாவது ஒரு பலகைக்குத் தகுதி உண்டு.

தமிழர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்களில் சிலருடைய தாத்தாக்கள் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர்கள். அங்கேயும் 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். திருடனாக நினைத்து நடத்தப்படுவது எப்படி இருக்கும் என்பது எங்கள் வீடுகளில் கேட்ட கதை. சரி, அது எங்கள் சொந்தக் காரணம். மாநிலத்துக்கு வேறு காரணம் இருக்கிறது: லிங்கன் கவுண்டியில் இருந்த டெலமார் என்ற பழைய தங்கச் சுரங்க ஊரைப் பற்றிப் பேசும் யாரும், தொழிலாளர் நுரையீரலைத் தின்ற சிலிக்கா தூசியை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. 'விதவைகளை உண்டாக்கும் ஊர்' என்ற பட்டப்பெயர் அதற்கு நிலைத்தேவிட்டது. கோல்ட்ஃபீல்டையும் அதே நேர்மையோடு சொல்லலாம்.

பலகைக்கு நாங்கள் முன்வைக்கும் வாசகம் இது. திருத்துவது உங்கள் உரிமை:

"இந்த ஊரின் தங்கத்தை வெட்டியெடுத்த தொழிலாளர்கள் 1907 நவம்பரில், கூலியை ரொக்கமாகத் தரக் கோரி வேலையை நிறுத்தினர். மாநில ஆளுநரின் வேண்டுகோளின்படி அமெரிக்க ராணுவம் வந்தது. கலவரம் ஏதும் இல்லை என விசாரணைக் குழு கண்டறிந்த பின்னும் 1908 மார்ச் வரை இங்கே தங்கியது. அதன்பின் சங்கம் மீளவில்லை."

வாசகத்தை முடிவு செய்யும் முன் மேற்கு ஷோஷோனி மக்களின் பழங்குடி அரசுகளிடமும் கருத்துக் கேட்க வேண்டும். தங்கம் கண்ட ஸ்டிம்லரே ஷோஷோனி வழி வந்தவர். சுரங்கம் வருவதற்கு முன் இந்த நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை என்பது ஒரு வரியிலாவது இருக்கட்டும்.

இடம் பற்றி ஒரு வேண்டுகோள். ஊருக்கு வெளியே, 70 மைல் வேகத்தில் கடந்துபோகும் இடத்தில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். சட்டென்று பிரேக் போட்டால் ஆபத்தும்கூட. ஊருக்குள் வேகம் குறையும் பகுதியில், நான்கைந்து வண்டிகள் ஒதுங்கி நிற்க இடம் விட்டு வைக்க வேண்டும். இரண்டு திசையிலும் அரை மைல் முன்பே ஓர் அறிவிப்பு வேண்டும். சுற்றிலும் மூடாத பழைய சுரங்கக் குழிகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே அவசியம். பலகை படித்துவிட்டுப் பிள்ளைகள் மேட்டில் ஏறிப் பார்க்கத்தான் போவார்கள்.

பலகை செய்யும் செலவில் ஒரு பங்கை நன்கொடையாகத் திரட்டித் தரவும், வருடத்துக்கு இரண்டு முறை வந்து தூசி துடைத்துச் சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்யவும் தயாராக இருக்கிறோம். அதற்கு என்ன ஒப்பந்தம் வேண்டும், விண்ணப்பத்தை எந்த வடிவில் தர வேண்டும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ளவர்கள்

நகல்: நெவாடா போக்குவரத்துத் துறை, எஸ்மரால்டா கவுண்டி ஆணையர்கள்.